சிங்கப்பூர் போகப் பணம், திரும்பி வரப் பாயின்ட்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது படுகர் கிராமத்தில், இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு இரண்டு ஏக்கர் தேயிலை. அவருடைய கிரெடிட் கார்டில் 84,000 பாயின்ட் சேர்ந்திருக்கிறது, பெரும்பகுதி மகள் கல்யாணச் செலவில் வந்தது. அதில் 31,000 வரும் மார்ச்சில் காலாவதி ஆகும் என்று ஸ்டேட்மென்ட்டில் போட்டிருக்கிறது. மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள், ஜனவரி கடைசியில் பிரசவம். நாங்கள் இருவரும் ஜனவரி 10 வாக்கில் போக வேண்டும், எப்போது திரும்புவோம் என்று சொல்ல முடியாது. கோவையிலிருந்து நேராகப் போகும் ஸ்கூட் விமானத்தில் ஆளுக்கு 11,200 ரூபாய் காட்டுகிறது. அதற்கு முன்னால் எங்கள் ஊர் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு மகன் டெல்லியிலிருந்து வருகிறான், இப்போது 7,800 காட்டுகிறது. நவம்பரில் அவரைக் கண் பரிசோதனைக்குச் சென்னை கூட்டிப்போக வேண்டும். "பாயின்ட் எஃப்டி மாதிரி, தொடாதே" என்கிறார் அவர். "எல்லாவற்றையும் பாயின்ட்டிலேயே போட்டுவிடலாம், டெல்லி டிக்கெட் விலை ஏறட்டும், அப்போது போட்டால்தான் லாபம்" என்கிறான் மகன். யார் சொல்வது சரி?

பதில்: டீச்சர், இரண்டு பேருமே தப்பு. சார் கொஞ்சம் அதிகமாகத் தப்பு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குன்னூரில் 22 வருஷமாக டிக்கெட் போட்டுக் கொடுத்துப் பிழைப்பவன் நான். நீங்கள் பணம் கொடுத்து டிக்கெட் எடுத்தால் எனக்கு நாலு காசு, பாயின்ட்டில் எடுத்தால் ஒன்றுமில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டே நான் சொல்வதைப் படியுங்கள்.

பாயின்ட் எஃப்டி இல்லை. எஃப்டிக்கு வட்டி உண்டு, முதிர்வுத் தேதி உண்டு, வங்கி நினைத்த நேரத்தில் உங்கள் ஒரு லட்சத்தை ஐம்பதாயிரம் என்று மாற்ற முடியாது. பாயின்ட்டில் இதெல்லாம் நடக்கும். 2023ல் ஒரு பிரபலமான கார்டில் 5 பாயின்ட்டுக்கு 4 மைல் (மைல் என்பது விமான நிறுவனத்தின் பாயின்ட், அதைக் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம்) என்று இருந்தது ஒரே அறிவிப்பில் 2 மைல் ஆனது, சேர்த்து வைத்தவர்களின் கையிருப்பு பாதியானது, யாரும் கேள்வி கேட்க முடியவில்லை. விமான நிறுவனமே இல்லாமல் போவதும் உண்டு. கிங்ஃபிஷர் 2012ல் பறப்பதை நிறுத்தியது, ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில். விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு சேர்ந்தபோது பாயின்ட்டுகளும் கூடவே ஏர் இந்தியா கணக்குக்கு வந்துசேர்ந்தன, அது அவர்கள் அதிர்ஷ்டம். சாருக்குப் புரிகிற மாதிரி சொல்வதென்றால், பாயின்ட் பறித்த பச்சை இலை. சாயங்காலத்துக்குள் எடை போட்டு ஃபேக்டரிக்கு அனுப்பிவிட வேண்டும், நாளைக்கு விலை ஏறும் என்று மூட்டையில் கட்டி வைத்தால் வெந்து சிவந்துபோகும்.

எனக்கே இது ஆனது என்பதுதான் வெட்கம். ஒரு விமான நிறுவனத்தில் 46,000 மைல் சேர்த்து வைத்திருந்தேன், என் மனைவியைப் பத்ரிநாத் கூட்டிப்போக. இந்த சீசன் முடியட்டும், அடுத்த சீசன் முடியட்டும் என்று தள்ளித் தள்ளி, ஒரு நாள் கணக்கைத் திறந்து பார்த்தால் பூஜ்யம். எச்சரிக்கை மின்னஞ்சல் வந்திருக்கிறது, விளம்பரக் குப்பையோடு குப்பையாகக் கிடந்திருக்கிறது. "ஊரார் டிக்கெட்டையெல்லாம் பார்க்கிற மனுஷன்" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு பணம் கொடுத்துத்தான் போனோம்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். யார் வந்து கேட்டாலும் நான் முதலில் போடச் சொல்வது ஒரு வகுத்தல்தான், டீச்சருக்கு அது பெரிய விஷயமில்லை. டிக்கெட்டைப் பணத்தில் எடுத்தால் எவ்வளவு, அதில் பாயின்ட்டில் எடுத்தாலும் நாம் கட்டியே ஆக வேண்டிய வரி எவ்வளவு, இரண்டாவதை முதலிலிருந்து கழியுங்கள், மிச்சத்தைத் தேவைப்படும் பாயின்ட்டால் வகுங்கள். ஒரு பாயின்ட்டுக்கு எத்தனை பைசா என்று வரும். அவ்வளவுதான் சூத்திரம்.

நீங்கள் அனுப்பிய வங்கியின் தாளைப் பார்த்தேன். உங்கள் கார்டில் மூன்று வழி இருக்கிறது. ஒன்று, பரிசுப் பட்டியல். சார் ஆசைப்பட்டதாக நீங்கள் எழுதிய அந்த மிக்ஸி 21,000 பாயின்ட், அதே மிக்ஸி கோத்தகிரி பஜாரில் 4,200 ரூபாய் என்கிறீர்கள், ஆக ஒரு பாயின்ட்டுக்கு 20 பைசா. இரண்டு, வங்கியின் சொந்த பயணத் தளம், அங்கே ஒரு பாயின்ட் 30 பைசா என்று எழுதியிருக்கிறது. ஆனால் விமான நிறுவனத்தின் தளத்தில் 7,000 ரூபாய்க்குக் கிடைக்கும் டிக்கெட் அங்கே 7,400, 7,500 என்று நிற்பது உண்டு. அந்த ஏற்றத்தையும் சேர்த்தால் 30 என்பது 28 ஆகிவிடும். மூன்று, 2 பாயின்ட்டைக் கொடுத்து விமான நிறுவனத்தின் 1 மைலாக மாற்றிக்கொள்வது. 84,000 பாயின்ட் 42,000 மைல் ஆகும். இதன் மதிப்பு எந்தத் தாளிலும் இருக்காது, நாம் எங்கே போகிறோம், எப்போது போகிறோம் என்பதைப் பொறுத்து அது 25 பைசாவாகவும் இருக்கும், 50 பைசாவாகவும் இருக்கும். இதில் எதைச் செய்தாலும் பல வங்கிகள் ஒவ்வொரு முறையும் 99 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடிக்கும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுக்காதீர்கள்.

கோட்டை விடுகிற இடம் வகுத்தல் இல்லை, எந்த விலையோடு ஒப்பிடுகிறோம் என்பது. மகன் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹெத்தையம்மன் பண்டிகை மார்கழிப் பௌர்ணமியை ஒட்டி வருவது, கிறிஸ்துமஸ் புத்தாண்டு நெரிசலும் அதே வாரங்களில்தான். டிசம்பர் பாதியில் டெல்லி–கோவை 14,000 ஆனாலும் ஆச்சரியமில்லை. அப்போது வங்கித் தளத்தில் பாயின்ட்டைக் கொடுத்து எடுத்தால் 14,000 ரூபாய் மிச்சம் என்று அவனுக்குத் தோன்றும், 46,667 பாயின்ட் போயிருக்கும். ஆனால் அதே இருக்கை இன்றைக்கு, அக்டோபரில், 7,800க்குக் கிடைக்கிறதே? பண்டிகைத் தேதி இப்போதே தெரியும், ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படியென்றால் அவன் மிச்சம் பிடித்தது 7,800தான். 7,800ஐ 46,667ஆல் வகுத்துப் பாருங்கள், ஒரு பாயின்ட்டுக்கு 17 பைசாகூட இல்லை. சாரின் மிக்ஸியே மேல்.

அதனால் மகனுக்கு இன்றைக்கே பணம் கட்டி டிக்கெட் போடச் சொல்லுங்கள், சம்பாதிக்கிற பிள்ளை, அவனே கட்டட்டும். விமான நிறுவனத்தின் தளத்திலேயே போடச் சொல்லுங்கள், இடையில் வேறு தளம் வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் டெல்லியில் மூடுபனி விழும், விமானம் தாமதமாகும், ரத்தாகும். அப்போது நேராக எடுத்த டிக்கெட்டென்றால் கவுண்டரிலேயே மாற்றிக்கொண்டு வந்துவிடலாம். வேறு தளத்தில் எடுத்திருந்தால் "நீங்கள் எடுத்த இடத்தில் கேளுங்கள்" என்பார்கள், அந்த இடத்துக்குப் போன் போட்டால் பாட்டுதான் ஓடும், பாயின்ட் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். காலை விமானத்தைவிட மதியம் கிளம்புவது பனிக்கு நல்லது. அப்புறம், கோவையில் டாக்சி எடுப்பதாக இருந்தால் மலைக்கு வரும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும், டிரைவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளட்டும். நம் நீலகிரிப் பதிவெண் டிஎன்-43 வண்டியை வரச் சொன்னால் அந்தத் தொல்லையே இல்லை.

சென்னைக் கண் பரிசோதனைக்கு யோசிக்கவே வேண்டாம். மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ், ராத்திரி ஏறினால் காலையில் சென்னை சென்ட்ரல். மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சிலேயே நின்றுபோனது, இருந்தாலும் ஏசி டிக்கெட் விலைக்குப் பாயின்ட்டை வீணாக்காதீர்கள், வங்கி அங்கே கொடுப்பது அடிமட்ட விலைதான். முன்பதிவு முன்பு 120 நாளாக இருந்தது, 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான், ஆகவே டாக்டர் தேதி கொடுத்தால் உடனே போட்டுவிடுங்கள். தட்கல் வரை விட்டால், உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது. நவம்பரில் நம் ஊர் மழையை நம்பி தட்கல் எடுப்பதா?

இப்போது சிங்கப்பூர். ருசியே இதில்தான் இருக்கிறது.

போவதற்கு 11,200 என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்கூட் என்பது சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சிக்கன விமானக் கம்பெனி. அந்த அடிப்படை விலையில் கையில் கொண்டுபோகும் 10 கிலோ மட்டும்தான் அடக்கம். பிரசவத்துக்குப் போகிற அம்மா 10 கிலோவோடு போவாளா? பத்தியப் பொடி, சுக்கு, பூண்டு, பழைய பருத்திச் சேலை கிழித்த துணி, ரெண்டு கிலோ டீத்தூள், இதற்கே 20 கிலோ வேண்டும். 20 கிலோவுக்கு 2,600, சாப்பாட்டுக்கு 700 என்று நீங்கள் அனுப்பிய பக்கத்திலேயே இருக்கிறது. ஆக ஆளுக்கு 14,500, இருவருக்கு 29,000. ஒப்பிட வேண்டிய விலை இது. 11,200ஐ மறந்துவிடுங்கள்.

மைலாக மாற்றிப் போவதென்றால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் கணக்குக்கு மாற்றி, சென்னையிலிருந்து அவர்கள் பெரிய விமானத்தில் போகலாம். கணக்குக்காக ஆளுக்கு ஒரு வழிக்கு 20,000 மைல், கையிலிருந்து வரி 3,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், நீங்கள் பார்க்கும் நாளில் கூடக்குறைய இருக்கும். அந்த விமானத்தில் பணம் கொடுத்தால் 19,500. வரியைக் கழித்தால் 16,000, அதை 20,000ஆல் வகுத்தால் மைலுக்கு 80 பைசா, கார்டு பாயின்ட்டுக்கு 40 பைசா. கேட்க நன்றாக இருக்கிறது, கடன் அட்டைக் கம்பெனிக்காரர்கள் போடுவதும் இந்தக் கணக்குத்தான். ஆனால் டீச்சர், நீங்கள் 19,500 கொடுத்து அதில் போயிருப்பீர்களா? கோவையில் ஏறி நாலரை மணி நேரத்தில் இறங்குகிற விமானம் 14,500க்கு இருக்கும்போது? மாட்டீர்கள். அப்படியென்றால் 14,500லிருந்து வரியைக் கழித்து 11,000, மைலுக்கு 55 பைசா, பாயின்ட்டுக்கு 27 பைசா சொச்சம். சென்னைக்கு ரயில் செலவு, ராத்திரித் தூக்கம், சென்ட்ரலில் இருந்து விமான நிலையத்துக்கு மூட்டை தூக்குவது எல்லாம் தனி. போகும் வழிக்குப் பணம் கொடுங்கள், முடிந்தது. ஜனவரி 10 நல்ல தேதி. பொங்கலுக்கு முன்னால் கூட்டமெல்லாம் ஊரை நோக்கி வரும், நீங்கள் எதிர்த்திசையில் போகிறீர்கள், பொங்கல் கழிந்து போனால் விலை வேறு.

திரும்பி வருவதுதான் வேறு கதை, ஏனென்றால் உங்களுக்கே தேதி தெரியாது. குழந்தை முன்னப்பின்ன பிறக்கும், ஆபரேஷன் என்றால் இன்னும் கொஞ்ச நாள், மகள் "இன்னும் ஒரு வாரம் இரும்மா" என்பாள், சார் மூன்றாவது வாரத்திலேயே தோட்டத்தில் இலை முற்றுகிறது என்று புலம்ப ஆரம்பிப்பார். இதில் எந்தத் தேதிக்கு டிக்கெட் போடுவது? போடாமலும் இருக்க முடியாது, சிங்கப்பூரில் இறங்கும்போது திரும்பும் டிக்கெட் இருக்கிறதா என்று கேட்பார்கள். தங்க அனுமதி பெரும்பாலும் 30 நாள், அதற்கு மேல் இருக்க வேண்டுமானால் மகள் அங்கிருந்தே ஆன்லைனில் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

மலிவு டிக்கெட்டை இப்போதே எடுத்து வைத்துவிட்டுப் பிறகு தேதி மாற்றினால், மாற்றும் கட்டணம் ஒன்று, அன்றைய விலைக்கும் பழைய விலைக்கும் வித்தியாசம் இன்னொன்று. ஒரு வாரம் முன்னால் எடுக்கிற டிக்கெட் லக்கேஜோடு 22,000 வரை போவதை என் கடையில் அடிக்கடி பார்க்கிறேன். மைலில் எடுத்த டிக்கெட் அப்படியில்லை. தேதி மாற்ற ஒரு கட்டணம், ரத்து செய்தால் இன்னொரு கட்டணம், ஆனால் மைல் கணக்குக்கே திரும்பிவிடும், வரியும் திரும்பும். எடுக்கும் முன் அந்த டிக்கெட் வகையின் நிபந்தனையை ஒரு முறை படித்துக்கொள்ளுங்கள், வகைக்கு வகை கட்டணம் மாறும். ஆக, தேதி நிச்சயமான பயணத்துக்குப் பணம், தேதி ஆடுகிற பயணத்துக்குப் பாயின்ட். மலையில் இருக்கிற நமக்கு இது ரொம்பவே பொருந்தும், நம் பயணத்தில் பாதி ஆடுகிற தேதிதான்.

கணக்கையும் போட்டுவிடுவோம். கடைசி நேர விலை 22,000, வரி 3,500 போனால் 18,500, இருவருக்கு 37,000. பிப்ரவரி வாக்கில் சென்னையில் இறங்கி வீடு வந்துசேர ரயில், டாக்சி என்று 2,500 கழியுங்கள், 34,500. இதற்குக் கொடுப்பது 40,000 மைல், அதாவது 80,000 பாயின்ட். ஒரு பாயின்ட்டுக்கு 43 பைசா. மிக்ஸிக்கு 20, வங்கித் தளத்துக்கு 28, போகும் வழிக்கு 27, இதற்கு 43. கூடவே அந்த விமானத்தில் 25 கிலோவுக்குக் குறையாத லக்கேஜும் சாப்பாடும் அடக்கம், தேதியை நினைத்துத் தூக்கம் கெடாது.

ஆனால் அவசரப்பட்டு இன்றைக்கே பாயின்ட்டை மாற்றிவிடாதீர்கள். வங்கியிலிருந்து மைலாகப் போன பாயின்ட் திரும்பி வராது, எந்த மேனேஜரிடம் அழுதாலும் வராது. முதலில் சார் பெயரில் கிரிஸ்ஃப்ளையர் கணக்கு தொடங்குங்கள், இலவசம்தான். அதில் நுழைந்து, பிப்ரவரி 7 வாக்கில், 30 நாளைக்குள் வருகிற மாதிரி ஒரு தேதிக்கு, மைலில் எடுக்க இரண்டு இருக்கை காட்டுகிறதா என்று பாருங்கள். மைலுக்கு ஒதுக்கும் இருக்கை எல்லா விமானத்திலும் இருக்காது, ஒன்று இருக்கும் இரண்டு இருக்காது, அதுவும் நடக்கும். சனி ஞாயிறை விட்டு செவ்வாய், புதனில் தேடுங்கள். இரண்டு இருக்கை கண்ணில் பட்ட பிறகு பாயின்ட்டை மாற்றுங்கள். மாற்றம் சில நேரம் உடனே நடக்கும், சில நேரம் சில நாள் எடுக்கும், அதற்குள் இருக்கை போய்விட்டால் அடுத்த தேதியைப் பாருங்கள். பிறகு சிங்கப்பூரில் இருந்துகொண்டு தேதி தள்ளும்போதும் இதே கதைதான், புதுத் தேதியிலும் மைல் இருக்கை இருக்க வேண்டும், அதனால் மகளோடு பேசி பத்து நாளுக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். கார்டு சார் பெயரில் இருப்பதால் மைலும் சார் கணக்குக்குத்தான் போகும், உங்கள் டிக்கெட்டை அதிலிருந்து எடுக்க, உங்களை அந்தக் கணக்கில் நாமினியாகச் சேர்க்க வேண்டும். ஐந்து பேர் வரை சேர்க்கலாம். இது வங்கி நாமினி மாதிரி இல்லை, சார் பயப்பட வேண்டாம்.

இருக்கையே கிடைக்கவில்லை என்றால்? அப்போதும் மார்ச்சில் சாகப்போகிற 31,000 பாயின்ட்டை மட்டும் மைலாக்கிவிடுங்கள். பொதுவாக, போகும் இடம் முடிவாகாமல் பாயின்ட்டை மாற்றாதே என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். ஆனால் காலாவதி கழுத்தில் நிற்கும்போது விதி வேறு. கிரிஸ்ஃப்ளையர் மைலுக்கு ஆயுள் 36 மாதம், மாற்றிய நாளிலிருந்து புதிதாக எண்ண ஆரம்பிப்பார்கள். பேரனோ பேத்தியோ, முதல் பிறந்தநாளுக்குப் போக மாட்டீர்களா என்ன. மிச்சம் 53,000ஐ வங்கியிலேயே விட்டுவைத்து, திரும்பும் டிக்கெட்டைப் பணத்தில், தேதி மாற்ற அனுமதிக்கும் வகையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மகன் இன்னொன்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், உரம், மருந்து, மளிகை எல்லாவற்றையும் கார்டிலேயே வாங்கினால் பாயின்ட் ஏறும் என்று. ஏறும், மறுக்கவில்லை. உங்கள் கார்டில் 150 ரூபாய்க்கு 4 பாயின்ட். நான் மேலே காட்டிய நல்ல விலையிலேயே, 43 பைசாவிலேயே போட்டாலும், 1 ரூபாய் 72 பைசா, அதாவது நூற்றுக்கு 1 ரூபாய் 15 பைசா. உரக்கடைக்காரர் கார்டுக்கு 2 சதவீதம் சேர்த்துக் கேட்டால் அங்கேயே நஷ்டம். இலைப் பணம் வர தாமதமாகி, ஒரு மாதம் பில்லை முழுதாகக் கட்டாமல் விட்டால் வட்டி மாதத்துக்கு 3.75 சதவீதம் வரை, வருஷத்துக்கு 45. எத்தனை மைல் சேர்த்தாலும் அதைப் பிடிக்க முடியாது. எப்படியும் செலவழிக்கிறதைக் கார்டில் போடுங்கள், கெடு தேதிக்குள் முழுசாகக் கட்டுங்கள், பாயின்ட்டுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவு செய்யாதீர்கள்.

நம் ஊர்க்காரர்கள் நிறைய பேருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஐப்பசி மழையில் பர்லியார் பக்கம் மண் சரிந்து, குன்னூர் வாடிக்கையாளர் ஒருவர் கோத்தகிரி வழியாகச் சுற்றிப் போயும் கோவையில் விமானத்தைப் பிடிக்க முடியவில்லை. மலிவு டிக்கெட், பணம் திரும்பாது என்று எழுதியிருந்தது, அவரும் விட்டுவிட்டார். ஆனால் விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதிப்படி, திரும்பாத டிக்கெட்டானாலும், ஏறாமல் விட்டாலும், அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் நிறுவனம் திருப்பித் தர வேண்டும். தானாகத் தர மாட்டார்கள், எழுதிக் கேட்க வேண்டும். அவருக்காக நான் எழுதினேன், முழு டிக்கெட் பணம் இல்லை, ஆனாலும் ஒரு தொகை வந்தது. மைல் டிக்கெட்டில் ஏறாமல் விட்டால் மைல் பெரும்பாலும் போய்விடும், கட்டிய வரியைக் கேட்கலாம். அதனால் மைல் டிக்கெட்டானால் போக முடியாது என்று தெரிந்த நிமிஷமே, விமானம் கிளம்புவதற்கு முன்பே ரத்து செய்துவிடுங்கள், வழியில் வண்டி நிற்கும்போதே போனில் செய்துவிடலாம். ஜனவரியில் மழை இல்லை, உறைபனிதான், இருந்தாலும் ராத்திரி விமானம் என்றால் மதியச் சாப்பாட்டை மேட்டுப்பாளையத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூருக்கு விசா வேண்டும், அதை என்னைப் போன்ற ஆள் மூலம் எடுக்கலாம், மகள் உதவியோடும் எடுக்கலாம். ஆனால் அங்கே இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளைக்குள், இறங்குவதற்கு முன்பே ஆன்லைனில் நிரப்ப வேண்டிய வருகைப் படிவம் முழுக்க இலவசம். அதற்குக் காசு கேட்கிற இணையதளங்கள் இருக்கின்றன, கொடுத்து ஏமாறாதீர்கள்.

கடைசியாக ஒரு வேலை, இதை இன்றைக்கு ராத்திரியே செய்யுங்கள். சாரின் பாஸ்போர்ட்டையும் கிரெடிட் கார்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் ஆட்களுக்கு கார்டில் ஒற்றை எழுத்து இனிஷியல் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், சில பேருக்கு அதுவும் முன்பின்னாக இருக்கும். கிரிஸ்ஃப்ளையர் கணக்கைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் டிக்கெட்டில் அந்தப் பெயர்தான் விழும். வங்கியில் உள்ள பெயர் அதோடு ஒத்துப்போகாவிட்டால் பாயின்ட் மாற்றம் நடுவழியில் நின்றுவிடும், மூன்று பேருக்கு நானே பார்த்திருக்கிறேன். ஒத்துப்போகவில்லை என்றால் நாளைக்கு இலை எடை போட்டதும் சாரை ஆதார், பாஸ்போர்ட் நகலோடு வங்கிக்கு அனுப்பிப் பெயரைத் திருத்தச் சொல்லுங்கள். அப்படியே இருவர் பாஸ்போர்ட்டிலும் பயண நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் காலம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் மைல் இருக்கை தேடுவதற்கு முன்னால் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க விண்ணப்பம் போடுங்கள், கையில் இருப்பது இரண்டரை மாதம்தான்.